பேட்டரி நிரபராதி!

அம்பாசடர் காரைத் தள்ளியிருக்கிறீர்களா சார்? தள்ளியிருந்தால் அடுத்த பாராவுக்குத் தாவிவிடலாம். தள்ளாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது கார் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள மாமனார் வீட்டு பீரோவுக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி. முதல் பத்தடிக்கு நகராது. நகர்ந்த பிறகு நிற்காது.

போன மாதம் ஒரு முகூர்த்த நாளில், திருச்சி தில்லைநகரில், இஸ்திரி கலையாத சட்டையும் பட்டுக்கரை வேட்டியுமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஸ்டியரிங்கில் என் தாய்மாமா. வயது 74. கார் 1968-ம் வருஷத்து அம்பாசடர் மார்க் 2. மாமா அதை 1981-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இரண்டு பேருக்குமே காலையில் எழுந்திருப்பதில் கொஞ்சம் சிரமம்.

"இன்னும் கொஞ்சம் வேகமா தள்ளு மாப்ளே! செகண்ட் கியர்ல போட்டு விடறேன்!"

விட்டார். வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது. என் சட்டையில் புகை படிந்தது. கல்யாண வீட்டில் வாசலில் பன்னீர் தெளித்த பெண், என்னைப் பார்த்துச் சொம்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இது சட்டையோடு போயிருந்தால் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். விஷயம் வேறு. பதினாலு மாதத்தில் மாமா மூன்று பேட்டரி மாற்றிவிட்டார். முதலாவது ஏழு மாதம். இரண்டாவது ஐந்து மாதம். மூன்றாவது இரண்டே மாதத்தில் 'கர்ர்ர்... டொக்'. பேட்டரிக் கடைக்காரர் மாமாவின் முப்பது வருஷத்து நண்பர். தினமும் சாயங்காலம் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்காவிட்டால் மாமாவுக்கு ராத்திரி சோறு இறங்காது. முதல் பேட்டரியை அவர் கேரண்டியில் மாற்றிக் கொடுத்தார். அடுத்ததைப் பாதி விலைக்குக் கொடுத்தார். அதுவும் போனதும் மாமா கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்கும்படி ஒரு வார்த்தை விட்டுவிட்டார்:

"பழைய பேட்டரிக்கு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறியா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஸ்டூல் காலி. மாமி போய்ச் சேர்ந்த பிறகு மாமாவுக்கு இருந்த ஒரே அரட்டைக் கச்சேரி அதுதான். பெங்களூரில் இருக்கும் மாமா பையன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "காயலான் கடைக்குப் போட்டுடுங்கப்பா. நான் சின்னதா ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு வாங்கித் தரேன்."

மாமா பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு போய், வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இருட்டின பிறகும் துடைத்தார்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பேட்டரியை மாற்றச் சொன்ன அறிவாளி நான்தான்.

ஆளுக்கொரு தீர்ப்பு

பழைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தெருவில் போகிற எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். முதல் மெக்கானிக், "பேட்டரி வீக்" என்றார். இரண்டாவது மெக்கானிக், "டைனமோ போச்சு சார், தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம்" என்று எஸ்டிமேட் எழுதினார். எதிர்வீட்டு ரிட்டயர்டு சூப்பரின்டெண்டென்ட், "வாஸ்து. மூக்கு தெற்கே பார்த்து நிக்குது" என்றார். மூன்று பேரிடமும் இருந்த ஒற்றுமை, ஒருத்தர் கையிலும் வோல்ட் மீட்டர் இல்லை.

கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஊரே 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு ரெக்ஸின் பை, அதில் ஒரு மீட்டர், இரண்டு ஸ்பேனர், துண்டு உப்புத்தாள், கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான் ஒர்க் ஷாப்.

வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். குடித்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"வண்டி எவ்வளவு தூரம் ஓடுது சார்?"

"ஞாயித்துக்கிழமை லால்குடி வயலுக்குப் போய்ட்டு வருவேன். வாரத்துல நாலு நாள் கடைத்தெரு."

"ராத்திரி ஓட்டறப்ப ஹெட்லைட் எப்படி?"

"பளிச்சுனு இருக்கு. அதனாலதானே டைனமோ நல்லாருக்குன்னு நினைச்சேன்!"

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு லைட் போட்டா?"

மாமா யோசித்தார். "மஞ்சளா... அகல் விளக்கு மாதிரி."

"பேட்டரியை வெளிய சார்ஜ் போட்டு மாட்டின அன்னிக்கு?"

"செல்ஃப் ஜோரா சுத்தும். ஆனா லைட் அன்னிக்கும் மஞ்சள்தான்."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "பாதி கேஸ் முடிஞ்சுது சார். பேட்டரி மேல குத்தம் இருக்கற மாதிரி தெரியலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. நான் பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போகிறவர்கள் எல்லோருக்கும் இது புரியும்.

ஒரு சின்னக் குடும்ப பட்ஜெட்

பேட்டரி என்பது சேமிப்புக் கணக்கு. டைனமோ என்பது சம்பளம். ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் காயில், ஹாரன் எல்லாம் வீட்டுச் செலவு. வண்டி ஓடும்போது சம்பளத்தில் செலவை முடித்து, மிச்சத்தைச் சேமிப்பில் போட வேண்டும். வண்டி நிற்கும்போது சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும்.

காருக்கு இந்தக் கணக்கு வந்ததே செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான். அதற்கு முன் ஹேண்டிலைச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். 1912-ம் வருஷத்து காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினியரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. பட்டனை அமுக்கினால் போதும், கை எலும்பு பிழைத்தது. அதோடு பேட்டரியும், அதை நிரப்ப டைனமோவும் காருக்குள் நிரந்தரமாகக் குடியேறின.

அம்பாசடருக்கு மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதனால் பழைய மார்க் வண்டிகளில் டைனமோவும் லூகாஸ் டிசைன். பிரிட்டிஷ் கார்களில் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த சி40 ரக டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். அதுதான் மொத்தச் சம்பளம். இன்கிரிமென்ட் கிடையாது.

செலவைப் பாருங்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு வகையறா சுமார் இரண்டு. இக்னிஷன் காயில் மூன்று, நான்கு. மழை வந்தால் வைப்பர் இரண்டு, மூன்று. ஆக மழை ராத்திரியில் பதினாறு ஆம்பியர் வரை செலவு. ஆறு மிச்சம். நடுத்தரக் குடும்பம்தான், ஆனால் கடன் இல்லாத குடும்பம். இதில் ஒருத்தர் 'பவர்ஃபுல்' ஹாலஜனும், டிக்கி அதிர மியூசிக் சிஸ்டமும் மாட்டினால் கிரெடிட் கார்டு வாங்கின கதைதான்.

இங்கே எனக்கு ஓர் ஆச்சரியம். செல்ஃப்தான் பேட்டரியைக் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 200 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து செகண்டு சுற்றினால் கால் ஆம்பியர்-ஹவருக்குக் கொஞ்சம் மேல்தான் செலவு. டைனமோ பத்து ஆம்பியர் அனுப்பினால் கணக்குப்படி இரண்டு நிமிஷத்துக்குள் அடைந்துவிடும். நஷ்டத்தைச் சேர்த்தாலும் சில நிமிஷம். லால்குடி போய்வர நாற்பது கிலோமீட்டர். அது போதாதா? தாராளமாகப் போதும்.

அப்படியானால் சம்பளம் வரவில்லையா, வந்த பணம் வழியில் தொலைகிறதா?

விசாரணை ஆரம்பம்

பாய் பானெட்டைத் திறந்தார். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க வண்டி சும்மா நின்றிருந்ததால் கணக்கில் 'ஓப்பனிங் பேலன்ஸ்' சரியாகத் தெரியும். மீட்டர் 12.1 வோல்ட் காட்டியது.

"12.6, 12.7 இருந்தா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம் தம்பி. 12.2-ன்னா பாதி வயிறு. 12-க்குக் கீழே போச்சுன்னா பட்டினி."

பட்டினி என்று அவர் சொன்னது வெறும் வார்த்தை அலங்காரம் இல்லை. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கும்போது அதன் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அரை வயிற்றோடு விட்டால் அது கெட்டிப்பட்டுப் போய்விடும். பிறகு என்ன ஊட்டினாலும் பேட்டரி சாப்பிடாது. மாமாவின் பேட்டரிகள் செத்தது நிஜம். கடைக்காரர் விற்றதால் சாகவில்லை. சோறு போடாததால் செத்தன.

அடுத்து பெல்ட். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அமுக்கினார். அரை இஞ்ச் உள்ளே போனது. "சரியா இருக்கு. தொளதொளன்னு இருந்தா டைனமோ சுத்தாது, வழுக்கும். இறுக்கமா இருந்தா பேரிங் அழும்."

பிறகு வண்டியைக் கிளப்பச் சொன்னார். (யார் தள்ளியது என்று கேட்காதீர்கள்.) ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். டைனமோ வண்டிகளில் இது முக்கியம். ஐடிலிங்கில் டைனமோவுக்கு வேகம் போதாது, சார்ஜே ஆகாது. சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு லேசாக எட்டிப் பார்த்தால் பதறக்கூடாது. பின்னால் வந்த ஆல்டர்னேட்டருக்கு அந்தக் குறை இல்லை.

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். 12.9 வோல்ட். பெட்ரோலைக் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

"இங்க 14-க்கு மேல இருக்கணும் தம்பி. சம்பளம் வந்து சேரலை."

நான் துள்ளினேன். "அப்ப டைனமோதான்!"

பாய் என்னைப் பார்த்த பார்வை, பி.காம் ரிசல்ட் வந்த அன்று அப்பா பார்த்த பார்வை.

"டைனமோவைக் கேக்காமலேயே அதைத் தூக்குல போடறீங்களே!"

டைனமோவின் வாக்குமூலம்

டைனமோவில் இரண்டு முனை. பெரியது 'டி', அதன் வழியாகத்தான் சம்பாத்தியம் வெளியே வரும். சின்னது 'எஃப்', அதாவது ஃபீல்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டிலிருந்தும் ஒயர்களைக் கழற்றினார். ஒரு துண்டு ஒயரால் 'டி'யையும் 'எஃப்'பையும் சேர்த்துக் கட்டினார். அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடம்புக்கும் நடுவே மீட்டர். இன்ஜினைக் கிளப்பி மெல்ல வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

ஐந்து... பத்து... பதினைந்து... பதினெட்டு! "போதும் போதும், இருபதைத் தாண்ட விடாதீங்க!"

"இப்ப பாருங்க. முள் ஏறவே இல்லைன்னா கார்பன் பிரஷ்ஷைப் பாக்கணும். அரை வோல்ட், ஒரு வோல்ட்ல நின்னுட்டா ஃபீல்டு காயில்ல கோளாறு. நாலு, அஞ்சுல நின்னா ஆர்மேச்சர். இது மடமடன்னு ஏறிடுச்சு. டைனமோ சுத்தத் தங்கம்."

அந்தச் சுத்தத் தங்கத்தைத்தான் காயலான் கடையில் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டச் சொன்னார்கள்.

அடுத்த சாட்சி கண்ட்ரோல் பாக்ஸ். கறுப்பு மூடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் குடித்தனம். ஒருத்தர் ரெகுலேட்டர். வோல்டேஜ் அதிகமானால் ஃபீல்டைக் குறைத்து டைனமோவை அடக்கி வைப்பார். இன்னொருத்தர் கட்-அவுட். பாலாபிஷேகம் பண்ணுகிற கட்-அவுட் இல்லை. டைனமோ வேகம் எடுத்துப் பேட்டரியைவிட வோல்டேஜ் ஏறும்போது கதவைத் திறப்பார், இறங்கினால் மூடிவிடுவார். அவர் இல்லாவிட்டால் வண்டி நின்றதும் பேட்டரியின் கரன்ட் திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்துவிடும். சம்பளம் கொடுத்த கம்பெனியே பேங்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிற மாதிரி!

ஒயர்களைப் பழையபடி மாட்டி, இன்ஜினைக் கிளப்பி, கண்ட்ரோல் பாக்ஸில் 'ஏ' என்ற முனையில் மீட்டரை வைத்தார். இங்கிருந்துதான் பணம் பேட்டரிக்குப் போகிறது.

14.5 வோல்ட்.

"ரெகுலேட்டரும் நிரபராதி, கட்-அவுட்டும் நிரபராதி."

இங்கே 14.5. அங்கே பேட்டரியில் 12.9. நடுவில் இரண்டடி ஒயர்.

என் மூளையில் அப்போதுதான் பல்பு எரிந்தது. நல்ல வோல்டேஜில்!

பாஸ் புக்கும் கேஷ் புக்கும்

பி.காம் படித்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் அழுதிருப்பார்கள். பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். கேஷ் புக்கில் ஒரு பேலன்ஸ், பாஸ் புக்கில் வேறு பேலன்ஸ். எது தப்பு? பல சமயம் இரண்டுமே சரி. நடுவில் எங்கோ நிற்கிற ஒரு செக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால், திருடன் எங்கே இருக்கிறான் என்றும் தெரியும்.

இங்கே வித்தியாசம் 1.6 வோல்ட்.

கண்ட்ரோல் பாக்ஸின் கேஷ் புக்கில் 14.5 கட்டியாயிற்று. அது வரையில்தான் ரெகுலேட்டருக்குத் தெரியும். 'நான் சரியாகத்தான் அனுப்புகிறேன்' என்று நிம்மதியாக இருக்கிறது. பேட்டரியின் பாஸ் புக்கில் 12.9 தான் வரவு.

பாய் மீட்டரின் ஒரு முனையை 'ஏ'யிலேயே பிடிக்கச் சொன்னார். இன்னொரு முனையோடு அவர் ஊர்வலம் போனார். பேட்டரி பாசிட்டிவ் முனை, 1.6 வித்தியாசம். அங்கிருந்து தடிமனான கேபிள் வழியாக வந்து சேரும் சொலினாய்டின் போல்ட், அப்போதும் 1.6. அதே போல்ட்டில்தான் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து வரும் பழுப்பு ஒயரும் மாட்டியிருக்கிறது. அந்த ஒயரின் நுனியில், லக்குக்கு அரை இஞ்ச் முன்னால், தெரிந்த செம்பில் தொட்டார்.

0.1.

"அரை இஞ்ச் தம்பி. அரை இஞ்ச்ல உக்காந்திருக்கான். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கையை இழுத்துக்கொண்டேன். வெந்நீர் டம்ளர் மாதிரி சுட்டது. பேட்டரிக்குப் போக வேண்டிய சோற்றை அந்த அரை இஞ்ச் சூடாக்கித் தின்றுகொண்டிருந்தது.

இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றிவிட்டு, அந்த லக்கை இழுத்தார். கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒயரின் இழைகள் பச்சை பிடித்து, பாதி அறுந்து, மீதி சும்மா சொருகியிருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் யாரோ சொலினாய்டு மாற்றியபோது அவசரத்தில் நசுக்கி மாட்டிய லக். வெளியே பார்த்தால் அழகாக இன்சுலேஷன் டேப்.

இப்போது பாய் திண்ணையில் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கான கரன்ட் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து கிளம்புகிறது. வண்டி ஓடும்போது டைனமோ நேராகக் கொடுப்பதால் லைட் பளிச். வண்டி நின்றால் பேட்டரியிலிருந்து அந்தக் கெட்டுப்போன அரை இஞ்சைத் தாண்டி வர வேண்டும், அதனால் மஞ்சள். செல்ஃபுக்குத் தனியாகத் தடி கேபிள், இந்த வழிக்கே வருவதில்லை. அதனால் சார்ஜ் ஏற்றின அன்று ஜோராகச் சுற்றியது.

"சிவப்பு லைட் ஏன் எரியலை பாய்?" என்றார் மாமா பரிதாபமாக. "அது அணைஞ்சுதே! சார்ஜ் ஆகுதுன்னுதானே அர்த்தம்?"

"அது இக்னிஷன் சுவிட்சுக்கும் டைனமோவுக்கும் நடுவுல இருக்குற பல்பு சார். ரெண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானா அணைஞ்சிடும். சுவிட்சுக்குப் போற ஒயரும் கண்ட்ரோல் பாக்ஸ் பக்கம்தான். திருட்டு நடந்தது அந்தப் பக்கம். வாட்ச்மேன் இந்தப் பக்கம் பாத்துட்டு 'ஆல் ஓகே'ன்னு விசில் ஊதிட்டிருந்தான்."

புது லக். உப்புத்தாளால் தேய்த்துச் செம்பு பளபளக்க வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, போல்ட்டைச் சுத்தம் பண்ணி இறுக்கினார். இன்ஜினைக் கிளப்பினோம். பேட்டரி முனையில் 12.9 மெல்ல ஏற ஆரம்பித்தது. 13.4... 13.9... 14.3-ல் போய் உட்கார்ந்தது. இன்ஜினை நிறுத்தி ஹெட்லைட் போட்டோம். எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளையாக விழுந்தது. சூப்பரின்டெண்டென்ட் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கூலி 300 ரூபாய். லக் தனி, 20 ரூபாய். மூன்று பேட்டரி விலையை இங்கே எழுதினால் மாமா படித்துவிடுவார், வேண்டாம்.

கடைசிக் கணக்கு

பாய் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான் பெருமையாக, "மாமா, உங்க பையனுக்கு போன் பண்ணி வண்டி ரெடின்னு சொல்லிடட்டுமா?" என்றேன். மாமா பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "ஏறு" என்றார்.

செல்ஃபை இழுத்தார். 'கர்' என்ற அரை நொடியில் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பு, மாமி இருந்த காலத்துச் சிரிப்பு.

வண்டி நேராகப் போய் நின்றது, பேட்டரிக் கடை வாசலில். மாமா இறங்கவில்லை. ஹாரன் அடித்தார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா மறுபடி அடித்தார். மறுபடி அடித்தார். பஜாரே திரும்பிப் பார்த்தது.

கடைசியில் அவர் வெளியே வந்தார். "என்ன, நாலாவது பேட்டரியா?" என்றார் வெடுக்கென்று.

மாமா இறங்கினார். நாலு பேர் கேட்கும்படி சொன்ன இடத்திலேயே, நாலு பேர் கேட்கும்படி சொன்னார்:

"உன் பேட்டரி மேல தப்பு இல்லைடா. என் வண்டியில ஒரு ஒயர் கெட்டிருந்தது. பாக்காம பேசிட்டேன்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனார். போயே விட்டார் என்று நினைத்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். மேலே இருந்த தூசியைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார்.

"உக்காரு. ரெண்டு காபி சொல்றேன்."

மாமா உட்கார்ந்தார். நான் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. எனக்குக் காபி வரவில்லை. பரவாயில்லை சார். திரும்பி வரும்போது வண்டி தள்ள வேண்டியிருக்கவில்லையே!

வீட்டில் பழைய கார் இருக்கிறதா? கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

● முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். பேட்டரியைவிட மலிவு.

● வரிசை மாறக்கூடாது. ராத்திரி நின்ற வண்டியில் பேட்டரி வோல்டேஜ், பிறகு பெல்ட், பிறகு ஓடும் வண்டியில் பேட்டரி வோல்டேஜ், பிறகு டைனமோ, பிறகு கண்ட்ரோல் பாக்ஸ், கடைசியில் ஒயர் வித்தியாசம். பாசிட்டிவ் வழியைப் போலவே எர்த் வழியையும் பாருங்கள். ஓடும்போது டைனமோ உடம்புக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் நடுவே கால் வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அங்கேயும் ஒரு திருடன் இருக்கிறான்.

● வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிப் பார்க்கும் 'டெஸ்ட்' வேண்டவே வேண்டாம். ஆல்டர்னேட்டர் வண்டியாக இருந்தால் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடலாம்.

● அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறதா? பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகிறதா? அது பட்டினி இல்லை, அஜீரணம். சார்ஜ் அதிகமாகிறது. ரெகுலேட்டரைப் பாருங்கள்.

● பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாற்றும் முன் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

● கழற்றும்போது எர்த் டெர்மினல் முதலில், மாட்டும்போது அது கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் சிகரெட், பீடி கூடாது. மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள்.

● நண்பரைத் திட்டுவதற்கு முன் மேலே உள்ள ஆறையும் ஒரு தடவை செய்துவிடுங்கள்!